கோல்பர்ன், ஆறு பன்னிரண்டு

நீதிமன்றத் தாளில் ‘நடுவழி’ என்றிருந்தது.
சிட்னிக்கும் கன்பராவுக்கும் இடையில்
அதற்குக் கோல்பர்ன் என்று பெயர்.
எனக்கு ஐம்பது கிலோமீட்டர் குறைவு.
அதைப் பற்றியும் ஒரு கடிதம் வந்தது.

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு
சீமெந்தில் கட்டிய செம்மறிக்கடாவின் காலடியில்
இரண்டு கார்கள் மூக்கோடு மூக்கு நிற்கும்.
கடா மூன்று மாடி உயரம்.
எங்களைப் பார்க்காது.
மிதுரா இறங்குவாள், பை இறங்கும்.
இருமல் மருந்து எத்தனை மணிக்கென்று
என் காரின் கூரையிடம் சொல்வேன்.
கோகிலவாணி தன் காரின் கூரையிடம்
“சரி” என்பாள்.

அன்று யூலைக் குளிர். பிள்ளை காரில் ஏறவில்லை.
கையில் பென்சிலால் எழுதிய துண்டு:
ஆறு பன்னிரண்டு. தென்மேற்கு.
உச்சம் அறுபத்தெட்டுப் பாகை.
நாலு நிமிசம்.
“ரெண்டு பேரும் வாங்கோ. இங்க வெளிச்சம் கூட.”

பெற்றோல் நிலையத்துக்குப் பின்னால்
குப்பைத் தொட்டிகளைத் தாண்டி
பொரித்த எண்ணெய் மணக்கும் ஒரு துண்டு இருட்டு.
புல்லின் ஈரம் சப்பாத்துக்குள் ஏறியது.
நான் கையை நீட்டினேன்: “அந்தா!”
“அது மினுங்குது. மினுங்கினால் பிளேன்”
என்றாள் கோகிலவாணி.
எட்டு மாதத்தில்
வழக்கறிஞர் வாசிக்காமல் என்னிடம் வந்த
முதல் வாக்கியம்.

பிறகு அது வந்தது.
யூக்கலிப்டஸ் உச்சிகளுக்கு மேலே
மினுங்காமல், சத்தமில்லாமல்,
யாரோ ஒருவர் இருட்டு வீட்டுக்குள்
மெழுகுதிரியைக் கையால் மறைத்துக்கொண்டு
அறை மாறுவதுபோல.

“உள்ளுக்குள்ள ஏழு பேர். ஆறு மாசம் இருப்பினம்.
பிறகு வேற ஆக்கள் வந்து பொறுப்பெடுப்பினம்.”
“சண்டை பிடிப்பினமோ?”
கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.
மிதுரா யோசித்தாள்.
“பிடிப்பினம். ஆனா கோவிச்சுக்கொண்டு
வெளியில போகேலாது.”
இருட்டில் ஒரு சிரிப்பு,
தும்மலைப்போல் அடக்கப்பட்டது.
என்னுடையதில்லை.

மூன்று கழுத்துகள் ஒரே வேகத்தில் திரும்பின.
எந்தப் பக்கம் பார்ப்பதென்று
மூவருக்கும் ஒரே கருத்து.
கடைசியாக எப்போது அப்படி இருந்தோம்
என்று எண்ணத் தொடங்கினேன்.
எண்ணி முடிக்குமுன்
அது வடகிழக்கில், இன்னும் பாதி வானம் மிச்சமிருக்க,
செம்மஞ்சளாகி, மங்கி,
இல்லை.

“நூந்திட்டுது.”
“நூரேல்லை அப்பா. எங்கட நிழலுக்குள்ள போட்டுது.”
எங்கட என்றால் பூமியின், என்று விளக்கினாள்.
நான் தலையாட்டினேன்.
அவள் அம்மா குனிந்து
ஏற்கெனவே சரியாயிருந்த பை வாரைச் சரிசெய்தாள்.
மருந்துப் போத்தலை மறந்து
நான் பாதி வழி போய்த் திரும்பி வந்தது
வேறு கதை.

வியாழன், ஆறு பதினாலு.
ரெண்டு ஊரிலயும் தெரியும் என்று சொல்லியிருந்தாள்.
குயின்பியன் முழுக்க மேகம்.
பின்வளவில், உடுப்புக் காயப்போடும் கம்பியின் கீழ்
போனைக் காதில் வைத்து நின்றேன்.
“மேகம், பிள்ளை.”
“பரவாயில்லை. நான் சொல்லுறன், நீங்க பாருங்கோ.
இப்ப தண்ணித் தாங்கிக்கு மேல வருது…
உங்களிட்டத் தண்ணித் தாங்கி இருக்கோ?”
“இருக்கு” என்றேன்.
இல்லை.
“இப்ப நேரா தலைக்கு மேல!”

மிண்டோவில் அவள் தலைக்கு மேலே அது வரும்போது
என்னைத் தாண்டி அரை நிமிடம் ஆகியிருக்கும்.
அந்தக் கணக்கு எனக்கும் தெரியும்.
சொல்லவில்லை.
சாம்பல் நிறத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தை
அவள் சொன்ன வேகத்துக்கு
கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.
பக்கத்து வீட்டு நாய்
வேலி இடுக்கால் என்னைப் பார்த்துக் குரைத்தது.

போனுக்குள், அவளுக்குப் பின்னால்
கொஞ்சம் தள்ளி, இன்னொரு குரல்:
“வையாதை. இன்னும் தெரியுதெண்டு சொல்லு.”